கடல் காணாத ஊரில் கடற்கல்வி

ஆழ்கடலைப் பற்றிப் பேசுவதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு ஏற்ற இடந்தானா என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். மேற்கே நோக்கினால் மலை; தெற்கே நோக்கினாலும் மலை; கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். கம்பத்திலிருந்து நேர்கோடு ஒன்று இழுத்தால், மேற்கே ஆலப்புழைக் கடற்கரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலும், தென்கிழக்கே மன்னார் வளைகுடா அதனினும் அதிகத் தொலைவிலும் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை கடலையே கண்ணாற் காணாத மாணவர்கள் தேனி மாவட்டத்தில் இன்றும் உண்டு. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது, குறிஞ்சியும் முல்லையும் மருதமும் இந்தப் பக்கத்துக்குக் கிடைத்தன, நெய்தல் கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடற்கரையில் வாழ்கிறவர்கள் கடலை அறிவார்கள் என்று நாம் எண்ணுகிறோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியிருக்கும் மாணவன் நாள்தோறும் கடலைக் காண்கிறான் என்பது மெய்தான். ஆனால் அவன் காண்பது கடலின் மேற்தோலைத்தான். அந்தத் தோலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இருளும், அதிலுள்ள மலைகளும் சமவெளிகளும் உயிர்களும் அவனுக்கும் உங்களுக்கும் ஒரே அளவு தொலைவில் இருக்கின்றன. அந்த ஆழத்தை மனிதன் காண்பது இயந்திரக் கண்களின் வழியாகத்தான். அந்தக் கண்கள் காண்பதை இன்று இணையம் எந்த ஊருக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே ஆழ்கடற் கல்வியைப் பொறுத்தமட்டில், கடற்கரைக்காரன் முன்னே நிற்கிறான், மலைநாட்டான் பின்னே நிற்கிறான் என்ற நிலை மாறிவிட்டது. இந்த மாற்றத்தை நாம் எவ்வாறு பயன்படுத்திக்கொள்வது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில், கடலுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் உள்ள உறவைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். 1895-ஆம் ஆண்டில் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி முடித்தார். அரபிக்கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கடலுக்குப் போகவிருந்த நீரே இன்று நம் வயல்களில் பாய்கிறது. ஜூன் மாதம் முதல் தேதியில் அணை திறக்குமா என்று 14,707 ஏக்கர் முதற்போக நெல் நிலத்துக்குரியவர்கள் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்புக்கு விடை சொல்லுவது எது? தென்மேற்குப் பருவமழை. அந்த மழைக்கு நீர் தருவது எது? இந்துமாக்கடல். பருவக்காற்று பூமத்தியரேகையைக் கடந்து, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வளைந்து, அரபிக்கடலின் ஈரத்தை முகந்துகொண்டு மேற்குத்தொடர்ச்சி மலையில் வந்து மோதுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் தன் பங்கை அனுப்புகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பயிரிடுவோர், பழம் முற்றும் வேளையில் மழை பெய்தால் கொத்துகள் வெடித்து வீணாகுமே என்று அஞ்சுவதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் அண்ணாந்து பார்ப்பது வானத்தை. வானமோ கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி ஆழம் என்றால் என்ன என்பதை நமக்குத் தெரிந்த அளவுகோலைக் கொண்டே அளப்போம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாற்றுக்கு அருகிலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. உலகக் கடல்களின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். ஆனைமுடியைப் பெயர்த்துச் சராசரி ஆழமுள்ள கடலில் வைத்தால், அதன் உச்சிக்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர் நீர் நிற்கும். 6,000 மீட்டர் ஆழத்துக்கோ ஆனைமுடியின் மேல் மற்றோர் ஆனைமுடியை வைத்தாலும் போதாது. பசிபிக் கடலில் மரியானா அகழியிலுள்ள சேலஞ்சர் மடு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழமுடையது. பூமியின் பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். அது பரப்புக் கணக்கு. இந்த ஆழக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாற்றான் கடலின் பருமன் புலப்படும்.

அந்த ஆழத்துக்குச் செல்ல விரும்புவோரை மூன்று தடைகள் மறிக்கின்றன. முதலாவது அழுத்தம். நீரில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் அது 600 மடங்காகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது உங்கள் விரல் நகத்தளவு பரப்பில், ஆறு குவிண்டால் நெல்லை ஏற்றிவைத்தது போன்ற பாரம் அது. இரண்டாவது இருள். 200 மீட்டருக்குக் கீழே கதிரவன் ஒளி மிகவும் மங்குகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே அறவே இல்லை. மூன்றாவது தடை பலர் நினைத்துப் பாராதது. நம் குரலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வானொலி அலை கடல்நீரில் ஊடுருவிச் செல்ல மாட்டாது. அங்கே செய்தி கொண்டு செல்ல வல்லது ஒலி ஒன்றே. கடல்நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடுகிறது. 6,000 மீட்டர் ஆழத்திலிருந்து கேட்கும் கேள்வி மேலே வந்து சேர 4 விநாடியும், விடை திரும்பிச் செல்ல இன்னொரு 4 விநாடியும் ஆகும். சந்திரனுக்குச் செய்தி அனுப்பித் திரும்பப் பெற இதனினும் குறைந்த நேரமே ஆகும் என்பது வியப்பன்றோ?

இத்தடைகளை மீறி மனிதன் கடலடியை அறிந்த கதை நெடியது. 1872-ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் என்னும் கப்பல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. அதிலிருந்த அறிஞர்கள் கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். வலையை இறக்கி அடியிலிருந்ததை வாரி எடுத்தார்கள். ஓரிடத்தில் அவர்கள் அளந்த ஆழம் 8,000 மீட்டரைத் தாண்டியது. அவர்கள் திரட்டிய செய்திகள் ஐம்பது தொகுதிகளாக வெளிவந்து முடிய 1895-ஆம் ஆண்டாயிற்று. பெரியாற்றணை கட்டி முடிந்த அதே ஆண்டு அது! அந்த ஐம்பது தொகுதிகள் எத்தனை பேர் கைக்கு எட்டியிருக்கும்? பெரிய பல்கலைக்கழகங்களின் நூல்நிலையங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அவை இருந்தும் இல்லாதவையே. 1960 ஜனவரி 23-ஆம் நாள் ழாக் பிக்கார், டான் வால்ஷ் என்னும் இருவர் திரியெஸ்த் என்ற கலத்தில் சேலஞ்சர் மடுவின் அடியைத் தொட்டார்கள். சிறிய பலகணி வழியே அவர்கள் கண்டதை உலகம் பத்திரிகைச் செய்தியாகத்தான் அறிந்தது.

இன்றைய நிலை வேறு. கப்பலிலிருந்து நீண்ட வடம் ஒன்றின் நுனியில் ஆளில்லாத இயந்திரம் கடலுக்குள் இறங்குகிறது. அதற்கு விளக்குகளும் படக்கருவிகளும் பொருள்களைப் பற்றி எடுக்கும் கரங்களும் உண்டு. வடத்தினுள் இருக்கும் மெல்லிய கண்ணாடி இழை, இயந்திரம் காணும் காட்சியை ஒளித்துடிப்புகளாகக் கப்பலுக்கு அனுப்புகிறது. கப்பல் அதனைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது உலகெங்கும் பரவுகிறது. கடல்நீர் வானொலி அலையைத் தடுக்கும் என்று சொன்னேனல்லவா? அந்தத் தடையைத் தாண்டும் வழி இந்தக் கண்ணாடி இழையே. டைட்டானிக் கப்பலின் சிதைவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான இராபர்ட் பல்லார்டு 2008-இல் தொடங்கிய அறக்கட்டளையின் நாட்டிலஸ் கப்பலும், அமெரிக்க அரசின் ஒகியானோஸ் எக்ஸ்புளோரர் கப்பலும், ஷ்மிட் கடல் ஆய்வு நிறுவனத்தின் ஃபால்கர் டூ கப்பலும் தம் ஆழ்கடல் ஆய்வுகளை இவ்வாறு நேரடியாகவே ஒளிபரப்பியிருக்கின்றன.

2025-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அர்ஜென்டினா நாட்டு விஞ்ஞானிகள் ஃபால்கர் டூ கப்பலில் சென்று, மார் டெல் பிளாட்டா நகருக்கு நேரே கடலடியிலுள்ள பெரும் பள்ளத்தாக்கு ஒன்றை ஆராய்ந்தார்கள். சுபாஸ்டியன் என்னும் இயந்திரம் இறங்கியது. விஞ்ஞானிகள் தாங்கள் காண்பதைத் தங்கள் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில், விளையாட்டும் வினையுமாகப் பேசிக்கொண்டே சென்றார்கள். பருத்த உடலுடைய நட்சத்திரமீன் ஒன்று சிறுவர் சிறுமியரின் செல்லப் பிராணியாயிற்று. ஒரே வேளையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒளிபரப்பைக் கண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியோர் வரை, வீட்டிலிருந்தபடியே தங்கள் நாட்டுக் கடலின் அடியை முதன்முறையாகப் பார்த்தார்கள். அர்ஜென்டினாவில் நண்பகலாகும்போது தேனியில் இரவு எட்டரை மணி. பாடங்களை முடித்த நம் மாணவனும் அதைக் கண்டிருக்கலாம். ஆனால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அது ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதைச் சிந்தியுங்கள். பேசியவர்கள் அவர்களுடைய மொழியிற் பேசினார்கள். இதனைச் சிறிது நேரத்தில் மீண்டும் தொடுகிறேன்.

காண்பது வேறு, கற்பது வேறு. திரையில் விந்தையான மீன் ஒன்று ஒளிர்ந்து மறைகிறது, ஆகா என்கிறோம், அடுத்த காட்சிக்குப் போகிறோம். இவ்வாறு ஆயிரம் மீன்களைப் பார்த்தாலும் கல்வி ஒரு துளியும் கூடாது. ஆகவே ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ஒளிபரப்புகளில் ஆழமும் நீரின் வெப்பநிலையும் திரையின் ஓரத்திலேயே காட்டப்படுவதுண்டு. ஓர் உயிரைக் கண்டால் அதன் உருவத்தை வரையுங்கள். எத்தனை மீட்டரில் கண்டது? தரை சேறா, பாறையா? அது ஒட்டிக்கொண்டிருந்ததா, ஊர்ந்ததா, நீந்தியதா? இவற்றை எழுதிய பிறகு, அது எந்த இனம் என்று நீங்களே ஓர் ஊகம் செய்யுங்கள். அப்புறம் விஞ்ஞானி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவரும் பல வேளைகளில் திகைப்பதைக் காண்பீர்கள். அதிற் குறையொன்றும் இல்லை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ படக்கருவியோ பார்த்த பகுதி நூற்றில் ஓர் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒலியலைகளைக் கொண்டு வரைந்த படமும் உலகக் கடலடியில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே கடந்திருக்கிறது. விடை தெரியாத கேள்விகள் இவ்வளவு மிகுந்த துறை வேறெதுவும் உங்கள் பாடத்திட்டத்தில் இராது.

ஆர்வம் முறையான படிப்பாக மாறவேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் திட்டமும், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் தளமும் கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. கடற்பொறியியல், கடலியல், வளிமண்டல அறிவியல் ஆகிய பாடங்கள் அவற்றில் உண்டு. பாடத்தைக் கேட்பதற்குப் பணமில்லை. சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுவோர்தாம் கட்டணம் செலுத்தவேண்டும். ஐதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் சுனாமி எச்சரிக்கையும் மீனவர்களுக்கான செய்திகளும் தருவதோடு, கடலியற் பயிற்சி நிலையம் ஒன்றையும் நடத்துகிறது. மேல்நிலை வகுப்பில் பௌதிகமும் கணிதமும் ஊன்றிப் படிக்கிறவன் இந்தப் பாடங்களைப் பின்தொடர முடியும். கணக்கைக் கண்டு ஓடுகிறவன் கடலை நெருங்க முடியாது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

இதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. பார்ப்பவனாக இருந்தவன் ஆராய்பவனாக மாறும் படி அது. உலகக் கடல்களில் ஆர்கோ என்னும் பெயருடைய மிதவைக் கருவிகள் ஏறத்தாழ 4,000 அலைந்து கொண்டிருக்கின்றன. ஆள் உயரமுள்ள உருளை வடிவினவை அவை. உள்ளேயிருக்கும் எண்ணெயை வெளிப்புறப் பை ஒன்றுக்குள் தள்ளினால் கருவியின் பருமன் கூடும், எடை மாறாது. ஆகவே மேலே எழும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் பருமன் குறைந்து அமிழும். ஆர்க்கிமிடீசின் தத்துவம் இதனினும் அழகாகப் பயன்படுமிடம் உண்டோ? கருவி 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்துடன் மிதந்து செல்கிறது. பத்து நாட்களுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் குறித்துக்கொள்கிறது. மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குச் செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. இந்தக் குறிப்புகள் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்துமாக்கடற் பகுதிக் குறிப்புகளைத் தொகுத்துப் பேணும் பணியில் ஐதராபாத் மையத்துக்குப் பங்கு உண்டு.

உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ உள்ள கல்லூரி மாணவி ஒருத்தி அரபிக்கடலின் நடுவே மிதக்கும் கருவி ஒன்றின் மே மாதக் குறிப்பையும் ஆகஸ்டு மாதக் குறிப்பையும் எடுத்து வரைபடத் தாளில் வரையட்டும். மே மாதத்தில் மேல்நீர் வெதுவெதுப்பாக, மெல்லிய அடுக்காக இருப்பது தெரியும். ஆகஸ்டில், பருவக்காற்று கடலைக் கடைந்த பிறகு, மேல்நீர் குளிர்ந்து, ஒரே தன்மையுள்ள அடுக்கு ஆழமாக இறங்கியிருப்பது தெரியும். தன் ஊருக்கு மழை கொண்டுவந்த காற்று கடலில் விட்டுச் சென்ற அடிச்சுவட்டை அவள் தன் கையாலேயே வரைந்தவளாவாள். எந்தப் பெரிய ஆய்வுக்கூடத்திலும் விஞ்ஞானி இதைத்தான் முதலிற் செய்கிறார்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. கடலின் மேலடுக்கில் மூன்று மீட்டர் நீர் அடக்கும் வெப்பம், வளிமண்டலம் முழுவதும் அடக்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழ ஈடாகும். ஆகவே கடலின் வெப்பம் சிறிது மாறினாலும் காற்று அதன் சொற்படி ஆடும். 1999-இல் சாஜி என்னும் இந்திய விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் இந்துமாக்கடலுக்கு உரிய ஊசலாட்டம் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பக்கத்துக் கடல் வெம்மையடைகிறது, சுமத்திராப் பக்கம் குளிர்கிறது. வேறு சில ஆண்டுகளில் இது தலைகீழாகிறது. 2019-இல் மேற்குப் பக்கம் மிகவும் வெம்மையுற்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை. ஆஸ்திரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும். இந்தியாவில் அவ்வாண்டுத் தென்மேற்குப் பருவமழை சராசரியை விஞ்சியது. மழைக்குக் காரணங்கள் பல உண்டு. இது அவற்றுள் ஒன்று. கடலை அளந்து மழையை முன்னறியும் முயற்சி செம்மையுறச் செம்மையுற, நாற்றங்காலுக்கு என்று விதைப்பது, திராட்சைக் கொடியை என்று கவாத்துச் செய்வது என்ற முடிவுகளும் செம்மையுறும். கவாத்துக் கத்தியைப் பிடிக்கும் தந்தைக்குக் கடலின் செய்தியை எடுத்துச் சொல்லக்கூடிய மகனோ மகளோ வீட்டில் இருப்பது சிறிய உதவியா?

நம் நாடு ஆழ்கடலில் எடுத்துவைத்துள்ள அடிகளையும் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966-இல் தோன்றியது. 1981 குடியரசு நாளன்று கவேஷணி என்னும் ஆய்வுக் கப்பல் கடலடியிலிருந்து உலோக உருண்டைகளை முதன்முதலாக எடுத்துத் தந்தது. உருளைக்கிழங்கு போன்ற தோற்றமுடைய அவ்வுருண்டைகளில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு, செம்பு ஆகியவை உள்ளன. பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே அவை வளர்கின்றன. 2002-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இந்துமாக்கடலின் நடுப்பகுதியில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993-இல் தொடங்கப்பட்டது. அதன் வராகா என்னும் இயந்திரம் 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் கடல்தரையில் ஊர்ந்து காட்டியது. 2024 டிசம்பரில் இந்திய விஞ்ஞானிகள் இந்துமாக்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் ஊற்று ஒன்றைப் படமெடுத்தார்கள்.

மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் இறங்குவதற்கென அந்நிறுவனம் உருவாக்கிவரும் கலம் மத்ஸ்யா 6000. அதன் உயிர்நிலை, உள்விட்டம் 2.1 மீட்டரும் சுவர்த்தடிப்பு 8 சென்டிமீட்டரும் உள்ள டைட்டானியக் கோளம். ஏன் கோளம்? பெட்டி வடிவாயின் அழுத்தம் மூலைகளிற் குவிந்து பிளக்கும். கோளத்திலோ எல்லாப் புறமும் ஒரே அளவாகப் பங்கிடப்படும். ஏன் டைட்டானியம்? எஃகைப் போல உறுதி, எஃகினும் குறைந்த எடை, உப்புநீரில் துருப்பிடியாத தன்மை. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அக்கலத்தை நீரிலிட்டுச் சோதித்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், பயிற்சிக்காகப் பிரெஞ்சு நாட்டு நாட்டில் கலத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கிய இந்தியர் இருவருள் ராஜு ரமேஷ் 4,025 மீட்டரையும், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டரையும் எட்டினார்கள்.

தேனி மாவட்டத்தார்க்கு மட்டும் உரிய செய்தி ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், அதன் பின்னர் எழுந்த எதிர்ப்பும் வழக்குகளும் நீங்கள் அறிந்தவையே. அந்த வழக்காடலுக்குள் நான் நுழையவில்லை. ஆனால் மலைக்குள் ஏன் தேட எண்ணினார்கள் என்பது அறிவியற் கேள்வி. விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களைத் தடுத்து நிறுத்த ஒரு கிலோமீட்டர் அளவு பாறைக் கவசம் வேண்டும். நியூட்ரினோ மட்டும் அதை ஊடுருவி வரும். அதே கவசத்தை ஆழ்கடல் நீரும் அளிக்கும். சிசிலித் தீவுக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 3,450 மீட்டர் ஆழத்தில் நிறுத்திய ஒளியுணரிகள், 2023 பிப்ரவரி 13-ஆம் நாள் அதுகாறும் அறியப்பட்டவற்றுள் மிக அதிக ஆற்றலுடைய நியூட்ரினோவின் தடத்தைக் கண்டன. இருண்ட நீரில் ஒரு நீல ஒளிக்கீற்றே அதற்குச் சான்று. மலையடியும் கடலடியும் ஒரே கேள்விக்கு இரண்டு வாயில்களாவதைப் பாருங்கள்.

இனி, இணையவழிக் கல்வியின் குறைகளையும் சீர்தூக்குவோம். முதற் குறை மொழி. நான் சொன்ன ஒளிபரப்புகளிலும் பாடங்களிலும் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. அர்ஜென்டினாப் பிள்ளைகளுக்குக் கிட்டிய பேறு தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டவில்லை. ஆனால் நம்மிடம் கடற்சொற்களுக்குப் பஞ்சமில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைக்கிறான் நம் மீனவன். கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்கிறான். இந்தச் சொற்களை எடுத்து, புதிய அறிவுக்கு உடுத்தும் பணி காத்துக் கிடக்கிறது. நீங்கள் கற்றதை உங்கள் தம்பி தங்கையர்க்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பணி அங்கேயே தொடங்கிவிடும்.

இரண்டாவது குறை கைப்பழக்கம் இன்மை. திரை கண்ணுக்கும் காதுக்கும் விருந்தளிக்கும். கைக்கு ஒன்றும் தராது. அதைப் பள்ளியிலேயே ஓரளவு ஈடுசெய்யலாம். கண்ணாடித் தொட்டியில் வெந்நீரை ஊற்றி, மைகலந்த குளிர்நீரை ஓரமாக மெல்ல விடுங்கள். அது அடியிற் சென்று தனி அடுக்காகத் தங்கும். கடலின் அடுக்குகள் இவ்வாறுதான் அமைகின்றன. நல்லநீரில் அமிழும் முட்டை உப்புநீரில் மிதப்பதைப் பாருங்கள். எவ்வளவு உப்பிட்டால் மிதக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மேலும், ஒரு முறையேனும் கடலுக்குச் சென்று வாருங்கள். வைகை போய்ச் சேரும் திசையிலேயே செல்லுங்கள். 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முற்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில்தான் இயங்கியது. அதன் கிளை இன்றும் அங்கே இருக்கிறது. அதையொட்டிய 21 தீவுகளும் பவளப்பாறைகளும் அடங்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. உயிரியலில் நாட்டமுடையோர்க்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பொறியியலில் நாட்டமுடையோர்க்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கடற்பொறியியல் துறை இருக்கிறது. இணையம் வழிகாட்டும் பலகை. நடக்கவேண்டியவை உங்கள் கால்களே.

மூன்றாவது குறை வசதியின்மை. மலைத் தோட்டங்களில் வாழும் பிள்ளைகளுக்கு அலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வருகிறது. வீட்டில் கருவி ஒன்று, கேட்பவர் நால்வர் என்ற நிலையும் உண்டு. பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம், பதிவு செய்த ஆழ்கடற் காட்சியை வகுப்பிற் காட்டிக் கேள்வி கேட்டாரானால், நாற்பது மாணவர்க்கு அந்த வசதி கிட்டிவிடும். தனியே பார்ப்பதைக்காட்டிலும் கூடிப் பார்த்து வாதிடுவதில் அறிவு விரைந்து வளர்கிறது என்பதும் அனுபவம்.

இவ்வளவையும் நான் வற்புறுத்துவதற்கு இறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. கடலடி உருண்டைகளை வாரி எடுக்கலாமா, கூடாதா என்று உலக நாடுகள் வாதிட்டு வருகின்றன. எடுத்தால் மின்கலங்களுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய உலோகம் கிடைக்கும். எடுக்கும்போது எழும் சேற்றுமண்டலம், இன்னும் பெயர்கூட இடப்படாத உயிர்களை அழிக்கக்கூடும். பத்து இலட்சம் ஆண்டுகளில் விரல் அகலமும் வளராத பொருள் மறுபடி உண்டாகப் போவதில்லை. மலையில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தேனி மாவட்டத்தார்க்கு இந்த வாதம் அந்நியமானதன்று. இந்தியாவின் பங்குக்கு இதில் முடிவு செய்யப்போகிறவர்கள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் அமர்ந்திருக்கும் நீங்கள். விஞ்ஞானிகளாக இல்லாவிடினும் குடிமக்களாக உங்கள் கருத்து கேட்கப்படும். அறியாதவன் கருத்தை மற்றவன் சொல்லித் தருவான். அறிந்தவன் தன் கருத்தைத் தானே சொல்வான்.

ஆகையால் இந்த வாரமே ஒரு குறிப்பேட்டை வாங்குங்கள். அதன் முதற் பக்கத்தில் ஒரு நெடுங்கோடு வரைந்து, உச்சியில் கடல்மட்டம் என்றும், கீழே 200, 1,000, 3,700, 6,000 மீட்டர் என்றும் குறியுங்கள். ஒவ்வொரு குறிக்கும் எதிரே, அங்கே ஒளி எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எந்த உயிர் வாழ்கிறது என்பதை நீங்களே கண்டும் கணக்கிட்டும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஆண்டிறுதியில் உங்கள் ஆசிரியரிடம் அதைக் காட்டுங்கள். நிரம்பாத இடங்கள் பல இருக்கும். அவற்றுள் சில, உலகத்தில் எவராலும் இன்னும் நிரப்பப்படாத இடங்களாகவும் இருக்கும்.